சுருட்டை முடியும் ஒரு புயலும்
சுருட்டை முடியில் சிக்கெடுப்பதை நுனியில்தான் தொடங்க வேண்டும். உச்சியில் சீப்பை வைத்து இழுத்தால் முடிச்சு இறுகும், முடி அறும். எண்ணெய் தொட்ட விரலால் சிக்கைப் பிரித்து, வேர் வலிக்காமல் மேலே ஒரு பிடி பிடித்துக்கொண்டு, அகலப்பல் சீப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் கைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

சிக்கைப் பிரிக்கும் எண்ணெய் புயலையும் அடக்கிய கதை ஒன்று உண்டு. கல்கத்தாவின் ஹேமேந்திர மோகன் போஸ், தன் ‘குந்தளீன்’ கூந்தல் தைலத்தின் பெயரில் சிறுகதைப் போட்டி நடத்தினார். 1896இல் பரிசு வென்றவர், விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்! கதையில், இலங்கைக்குக் கப்பலேறியவர் தைலப் புட்டியைக் கடலில் வீச, புயலே அடங்கிவிடுகிறது. விளம்பரக் கதைதான். ஆனாலும் கல்கத்தாவின் மழைக்காலப் புழுக்கத்தில் சிலிர்த்தெழும் சுருட்டைத் தலையைப் பார்த்தவர்கள் அதை மிகை என்று சொல்லமாட்டார்கள்.