கல்லூரியை விட்டகலும் மாணவர் – டின்டோவின் கொள்கை பற்றிய ஓர் ஆய்வு

கல்லூரியிற் சேர்ந்த மாணவன் பட்டம் பெறாது இடையிலேயே நின்றுவிடுவானாயின், அதற்குப் பொறுப்பாளி யார்? அவனா, அவனைச் சேர்த்துக்கொண்ட கல்லூரியா? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டில் மிகுதியும் எடுத்தாளப்பட்ட விடை, சைரக்கியூஸ் பல்கலைக் கழகப் பேராசிரியராக விளங்கிய வின்சென்ட் டின்டோ அளித்ததாகும். 1975ஆம் ஆண்டில் கட்டுரையாகத் தோன்றிய அவர்தம் கொள்கை, 1987இல் ‘கல்லூரியை விட்டகலுதல்’ என்னும் நூலாக விரிந்தது. 1993இல் அதன் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. மாணவர் நலப் பணியாளர் பலர் இந்நூலை வழிகாட்டியாகக் கொண்டமையின், இதன் நிறைகுறைகளைச் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் நிறையைக் கூறுவோம். படிப்பை விட்டவன் அறிவிற் குறைந்தவன் அல்லது ஊக்கமற்றவன் என்று முடிவு கட்டுவதே முன்னாளில் பெருவழக்காயிருந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாற்போல, கல்லூரிகள் தம் குறையை மாணவர்மேல் ஏற்றி அமைதியடைந்தன. டின்டோ இவ்வழக்கை மறுத்தார். விலகுவோருள் பெரும்பாலோர் தேர்வில் தோற்று விலக்கப்பட்டவர் அல்லர்; தாமே விலகியவர் என்பதை எடுத்துக்காட்டினார். ஆசிரியரோடும் பாடத்தோடும் அமையும் கல்விப் பிணைப்பு, தோழரோடு அமையும் சமூகப் பிணைப்பு ஆகிய இரண்டும் தளரும்போதே மாணவன் விலகுகின்றான் என்பது அவர் துணிபு. புதுமுக மாணவர்க்கு வழிகாட்டும் வகுப்புகளும், விடுதி நிகழ்ச்சிகளும், ஆலோசகர் ஏற்பாடுகளும் பெருகியதற்கு இக்கருத்து வலுவூட்டியது.

இனிக் குறைகளை நோக்குவோம். இக்கொள்கையின் வேர் பிரெஞ்சு அறிஞர் எமில் டர்க்கைம் 1897இல் எழுதிய ‘தற்கொலை’ என்னும் நூலில் உள்ளது. சமூகத்தோடு பிணைப்பற்றவன் உயிரை மாய்த்துக்கொள்ளத் துணிகின்றான் என்னும் கருத்தை, 1970இல் வில்லியம் ஸ்பேடி கல்லூரிக்குப் பொருத்தினார். டின்டோ அதனை வளர்த்தார். உயிரை மாய்த்தவனுக்கு வேறு வாழ்வு இல்லை. கல்லூரியை விட்டவனோ வேறொரு கல்லூரியிற் சேரலாம், தொழில் கற்கலாம், சில ஆண்டு கழித்து மீளவும் வரலாம். எல்லா விலகலும் தோல்வியன்று என்று டின்டோவே கூறுகின்றார். அங்ஙனமாயின் இவ்வுவமை எவ்வளவு தூரம் செல்லும் என்பது ஐயத்திற்குரியது.

இரண்டாவது குறை இதனினும் பெரிது. வான் ஜென்னெப் 1909இல் விளக்கிய வாழ்க்கைச் சடங்குகளைத் துணைக்கொண்டு, மாணவன் தன் பழைய சமூகத்தினின்று பிரிந்து புதிய சமூகத்தில் ஒன்றவேண்டும் என்று டின்டோ உரைத்தார். 1992இல் வில்லியம் டியர்னி இதனை வன்மையாக மறுத்தார். அச்சடங்குகள் ஓரினத்தார் தம் பிள்ளைகளுக்குத் தமக்குள்ளே நடத்துபவை. அவற்றுள் ‘வேண்டாம்’ என்று விலகுவாரும் இல்லை, ‘தேறவில்லை’ என்று தள்ளப்படுவாரும் இல்லை. அமெரிக்கப் பூர்வகுடி இளைஞன் பிறிதோர் இனத்தாரின் கல்லூரிக்குள் புகும்போது, சடங்கு என்னும் பெயரால் தன் குலத்தையும் பண்பாட்டையும் துறக்கும்படி கேட்கப்படுகின்றான். அவன் ஒன்றவில்லையெனில் குற்றம் மீண்டும் அவனையே சாரும். முன்வாசலில் துரத்திய பழி கொல்லை வழியே நுழைந்த கதைதான் இது.

மூன்றாவதாக, விடுதியில் தங்கிப் பயிலும் இளைஞனுக்கே இக்கொள்கை நன்கு பொருந்தும். வேலை பார்த்துக்கொண்டும், குடும்பத்தைக் காத்துக்கொண்டும் படிப்போர்க்குத் தோழமைப் பிணைப்பைக் காட்டிலும் பணமும் நேரமும் குடும்பத்தின் ஆதரவுமே பெரியன என்பதை 1985இல் பீன், மெட்ஸ்னர் ஆகிய இருவரும் விளக்கினர். வகுப்பு முடிந்ததும் பேருந்தைப் பிடிக்க ஓடுகின்ற ஒரு தாய்க்கு மாலை நேரக் கலை நிகழ்ச்சியால் விளையும் பயன் யாது?

டின்டோ தம் கொள்கையைக் கல்லில் பொறித்ததாகக் கருதவில்லை என்பது அவர்க்குப் பெருமை தருவதாகும். சியாட்டில் நகரச் சமுதாயக் கல்லூரியொன்றை ஆராய்ந்து 1997இல் அவர் எழுதிய கட்டுரை குறிப்பிடத்தக்கது. அங்கே ஒரே குழு மாணவர் பல பாடங்களை இணைத்துக் கூடிப் பயின்றனர். அவர்கள் படிப்பில் நிலைத்து நின்றமை பிறரினும் மிகுதியாயிருந்தது. நாள்தோறும் வந்து செல்லும் மாணவர்க்கு வகுப்பறையே சமூகம் என்பது அதனாற் புலனாயிற்று. பழைய சமூகத்தோடு உறவு நீடிப்பதே சிலர்க்குப் படிப்பில் நிலைக்கத் துணையாகும் என்பதையும் 2006இல் அவர் ஒப்புக்கொண்டார்.

ஆகவே மாணவர் நலப் பணியாளர் இந்நூலின் முதற்பதிப்போடு நின்றுவிடுதல் தகாது. ‘இவன் நம்மோடு ஒன்றினானா?’ என்று கேட்பதற்கு முன், ‘இவனை நாம் நாடிச் சென்றோமா?’ என்று கேட்டல் வேண்டும். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி காண்பவன் தானே முன்வந்து உதவி கேட்கத் தயங்குவான். கல்லூரியே முன்சென்று அவன் ஆற்றலை உணர்த்தவேண்டும் என்று 1994இல் லாரா ரெண்டோன் வற்புறுத்தியது இதனையே. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது எளிது. ஆசிரியர் ஒரு மாணவனைப் பெயர் சொல்லி அழைத்து அவன் நிலையறிவது அரிது. அவ்வரிய செயலே மாணவனை நிறுத்தி வைக்கும்.