'கேப்' போட்டும் இடைவெளி வரவில்லை: நம் சி.எஸ்.எஸ். பயிற்சித் தாள்கள் பற்றி

ஆசிரியர்களே, எஸ்.பி.எம். கணினி அறிவியல் எழுதப்போகும் மாணவர்களே, நம்மிடையே கைமாறும் சி.எஸ்.எஸ். பயிற்சித் தாள்களில் நல்லதும் உண்டு. மலாய்ச் சொல்லுக்குப் பக்கத்திலேயே தமிழ் விளக்கம் இருப்பது பெரிய உதவி. ஆனால் பண்பின் பெயர், மதிப்பு, திரையில் தெரியும் படம், அதோடு முடிந்தது. அந்தப் படம் எந்த உலாவியில் எடுத்தது? நான் பார்த்த ஒரு தாளிலும் இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போச்சு என்பீர்கள். சிம்பாங் பூலாயில் படிவம் 5 மாணவி ஒருத்தி தமிழ் மன்றத்துக்கு அகப்பக்கம் செய்தாள். ஃபிளெக்ஸ் முறையில் நான்கு பெட்டிகள், இடையே 'கேப்'. கணினியில் அழகாக வந்தது. வீட்டில் அக்காவின் பழைய ஐபோன் 6இல் பார்த்தால் நாலும் ஒட்டிக்கிட்டு நிக்குது. "நான்தான் சார் தப்பா எழுதிட்டேன்" என்று மொத்தத்தையும் அழித்துவிட்டு வந்தாள். அவள் எழுதியதில் ஒரு புள்ளிகூடத் தப்பில்லை.

ஃபிளெக்ஸுக்குள் 'கேப்' வேலை செய்யத் தொடங்கியது பயர்பாக்ஸில் 2018, குரோமில் 2020, சபாரியில் 2021. ஐபோன் 6 ஐ.ஓ.எஸ். 12க்கு மேல் போகாது. அதில் குரோம் இறக்கினாலும் பயனில்லை. உள்ளே ஓடுவது ஆப்பிளின் அதே வெப்கிட்தான்.

தாளின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டிய விதி இது: உலாவி தனக்குப் புரியாத வரியைக் கண்டால் பிழை என்று சொல்லாது, சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். ஒரே பண்பை இரண்டு தடவை எழுதினால், புரிந்தவற்றில் கடைசியாக வந்ததை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் பழைய மதிப்பை மேலேயும் புதியதைக் கீழேயும் எழுதுகிறோம். இது தெரிந்த பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளாது.

'சப்போர்ட்ஸ்' விதியால் சோதித்தால் போதுமே என்று சில ஆசிரியர்கள் கேட்கலாம். இந்த இடத்தில் அதுவும் ஏமாற்றும். சபாரி 12க்கு கிரிட்டில் 'கேப்' தெரியும், ஆகவே "தெரியும்" என்றே பதில் சொல்லும். பெட்டிகளுக்கு மார்ஜின் கொடுப்பதே வழி.

தமிழருக்கு இது புதுத் தொல்லையும் இல்லை. 1990களின் கடைசியில் தமிழ்த் தளங்கள் வாசகரின் கணினியில் எழுத்துரு இல்லாமலே தமிழைக் காட்ட முயன்றபோது, இண்டர்நெட் எக்ஸ்புளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறு வகைக் கோப்பு என்று இரண்டு செய்ய வேண்டியிருந்தது. எழுத்துரு வரவில்லையென்றால் திரையில் புரியாத ரோமன் எழுத்துகள்தான். நம் நாட்டு முத்து நெடுமாறனின் முரசு அஞ்சலை முதலில் நிறுவிக்கொண்டு படித்த ஆசிரியர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். யூனிகோட் வந்துதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. இந்தக் கதைக்குத் தாளில் அரைப் பக்கம் ஒதுக்கினால் என்ன?

அடுத்த பதிப்பு தயாரிப்பவர்கள் ஒவ்வொரு படத்தின் கீழும் உலாவியின் பெயரையும் பதிப்பு எண்ணையும் போடுங்கள். மாதிரி வாக்கியங்களைத் தமிழிலேயே எழுதுங்கள். ஆங்கில எழுத்தைப் பெரிதாக்கும் பண்புக்கு ஒரு பக்கம் முழுக்கக் கொடுத்திருக்கிறீர்கள். தமிழில் அதற்கு வேலையே இல்லை.

அந்த மாணவி இப்போது மார்ஜின் போட்டுத் திரும்ப எழுதுகிறாள். அக்காவின் கைப்பேசியை மேசையிலேயே வைத்திருக்கிறாளாம்.