ஒஸ்தாவும் உஸ்தாதும்: நமது புனைகதையின் ஒரு மௌனம்

இஸ்லாத்தில் சாதி இல்லை என்பது ஒரு கூற்று. முஸ்லிம்களுக்குள் சாதி இல்லை என்பது வேறொரு கூற்று. இந்த இரண்டையும் ஒன்றெனக் கொண்டதே கிழக்கிலங்கை முஸ்லிம் புனைகதையின் பெருங்குறை என்று நான் கருதுகிறேன்.

முடி வெட்டுவதையும் சுன்னத்துச் செய்வதையும் பரம்பரைத் தொழிலாகக் கொண்டவர்களை நம்மட பகுதியில் ஒஸ்தா என்போம். பாரசீகத்து 'உஸ்தாத்' என்பதே இதன் மூலம். மத்ரசாவில் அது ஆசிரியரைக் குறித்தால் எழுந்து நிற்கிறோம். தெருவில் திரிந்து ஒஸ்தாவானதும் குரலைத் தாழ்த்துகிறோம். இன்று சுன்னத்தைப் பெரும்பாலும் டொக்டர்மார் செய்கிறார்கள். தொழில் கைமாறிவிட்டது, பெயர் மட்டும் பேரப்பிள்ளை வரை போகிறது. வகுப்பில் சண்டை மூண்டால் "ஒஸ்தாட மகன்" என்று ஏசும் பிள்ளையைக் கண்டிருக்கிறேன். அந்தச் சொல்லை அது பள்ளிக்கூடத்திலா படித்தது?

வேரைத் தேடினால் காணியும் கலியாணமும்தான் வந்து நிற்கும். அக்கரைப்பற்றில் 1969 முதல் களஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, தாய்வழிக் குடிமுறையை விரிவாக எழுதியிருக்கிறார், ஒஸ்தாமாரையும் பதிந்திருக்கிறார். நம்மிடையே வீடும் வளவும் பெரும்பாலும் சீதனமாகப் பெண்பிள்ளைக்கே போகின்றன. மாப்பிள்ளைதான் அங்கே குடிவருகிறார். ஆகவே சொத்து நகரும் இடம் கலியாணம். "என்ன குடி?" என்ற கேள்விக்கு அங்கேதான் பல் முளைக்கிறது. பள்ளியில் ஒரே சஃப்பில் தோளோடு தோள் நிற்பதில் எவருக்கும் நட்டமில்லை. பெண் கொடுப்பதில்தான் கணக்கு வருகிறது. ஹுஜுராத் அத்தியாயத்தின் பதின்மூன்றாம் வசனத்தைக் குத்பாவில் கேட்டுவிட்டு வந்து அன்று பின்னேரமே குடி விசாரிப்பதில் நமக்கு முரண்பாடு தெரிவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இது எழுதப்பட்டது. கே. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் வந்தது. சலூனில் வேலை செய்த டொமினிக் ஜீவா, 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதிக்குச் சாகித்திய மண்டலப் பரிசு பெற்றார். 1966இல் 'மல்லிகை'யைத் தொடங்கினார். அதிலே நம்மவர்களும் எழுதினார்கள், ஆனால் சாதி அவர்கள் வீட்டு விசயம் என்றிருந்துவிட்டோம். தமிழகத்தில் தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யில் முஸ்லிம் ஊருக்குள்ளேயே முதலாளியின் குடும்பப் பெருமையையும் அதை எதிர்க்கும் சுறாப்பீலி வியாபாரி மஹ்மூதையும் நிறுத்தினார். ஊர் மானம் போகும் என்று அவர் பயப்படவில்லை.

நமக்குப் பயம் உண்டு, காரணமும் உண்டு. 2018 பெப்ரவரி 26 இரவு, உணவில் கருத்தடை மாத்திரை என்ற புரளியால் அம்பாறையில் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. மாவுக்கட்டிதான் என்று பரிசோதனை பின்னர் சொன்னது. இப்படி அடிவாங்கும் சமூகம் உள்வீட்டுக் குறையை வெளியே சொல்லத் தயங்கும். தயக்கத்தை விளங்கிக்கொள்கிறேன். ஆனால் பிறப்பை வைத்து ஆளை அளப்பது அம்பாறையில் தவறென்றால் கல்முனையில் எப்படிச் சரியாகும்?

நமது கதைகளில் ஒஸ்தா வருவதே அரிது. வந்தாலும் மார்க்கக் கலியாணக் காட்சியில், சிறுவனை ஏய்த்து மேலே பார்க்கச் சொல்லும் பகிடிப் பாத்திரமாகத்தான். வேலை முடிந்ததும் கதை அவரை வெளியே அனுப்பிவிடும். பிறகு சாப்பாடு வைக்கிறார்கள். அவர் எந்தச் சஹனில் இருந்தார், அவரோடு யார் கைவைத்தார் என்று ஒரு கதாசிரியரும் நின்று பார்த்ததில்லை.