எண் பொருந்தாத துப்பாக்கிகள்

பழைய ராணுவ ரைபிள் சேகரிப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் சுடுவதைப் பற்றிப் பேச்சு குறைவாகத்தான் இருக்கும். எண்களைப் பற்றித்தான் பேசுவார்கள். குழலில் அடித்த எண்ணும் போல்ட்டில் அடித்த எண்ணும் ஒன்றுதானா? அடிக்கட்டைக்குள் என்ன எண்? பட்டைகளில், திருகுகளில்? எல்லாம் ஒத்துப்போனால் விலை சட்டென்று ஏறிவிடும். ஒன்று தவறினாலும் முகம் சுளிப்பார்கள். இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது, எந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதை யோசிப்பவர்கள் குறைவு. ஜெர்மன் ரைபிளுக்காகப் பிறந்த ஒரு விதியை உலகத்து ரைபிள்களுக்கெல்லாம் சட்டமாக்கிவிட்டார்கள் என்பது என் கட்சி.

கைப்பிடியைத் தூக்கி, பின்னுக்கு இழுத்து, மறுபடி தள்ளி மூடும் போல்ட் முறையைப் பெரும் படைக்குக் கொண்டுவந்தது பிரஷ்யா. டிரைசேயின் ஊசித் துப்பாக்கியை 1841-இல் ஏற்று, 1866-இல் ஆஸ்திரியாவை வென்றபோது உலகம் திரும்பிப் பார்த்தது. 1886-இல் பிரான்ஸ் புகையில்லா மருந்தில் சுடும் லெபெல் ரைபிளைக் கொண்டுவந்ததும் மற்ற நாடுகளின் ஆயுதக்கிடங்குகள் ஒரே நாளில் பழசாயின. அன்று தொடங்கி இரண்டாம் உலகப் போர் முடியும்வரை சுமார் 60 ஆண்டுகள். சேகரிப்பாளரின் வயல் பெரும்பாலும் இவ்வளவுதான்.

இந்தச் சந்தையின் தலைநகரம் அமெரிக்கா. அங்கே 1898-க்குள் செய்யப்பட்டது சட்டப்படி ‘பழம்பொருள்’. அதற்குப் பிந்தியது வெறும் துப்பாக்கி. கென்னடியைக் கொன்ற இத்தாலிய கார்கானோ, 1963-இல் தபால் மூலம் வாங்கிய ராணுவக் கழிவுச் சரக்கு. அந்தக் கொலையின் எதிரொலியாக 1968-இல் வந்த சட்டம் தபால் விற்பனையையும் இத்தகைய இறக்குமதியையும் தடுத்தது. 1984-இல் கதவு மீண்டும் திறந்தது. ஆனால் உள்ளே வரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இறக்குமதியாளர் தம் பெயரைப் பொறிக்க வேண்டும். அந்தப் பொறிப்பு இல்லாத துப்பாக்கிக்குச் சேகரிப்பாளரிடம் தனி மவுசு: போருக்குப் பின் ஒரு சிப்பாய் தன் பையில் கொண்டுவந்ததாக இருக்கலாம் அல்லவா?

ஜெர்மன் பள்ளிதான் மூத்தது, கண்டிப்பானது. நெக்கார் ஆற்றங்கரையில் உள்ள ஓபர்ன்டோர்ஃபில் மௌசர் சகோதரர்கள் தொடங்கிய வேலை 1898-ஆம் ஆண்டு மாடலில் முழுமை பெற்றது. இன்றைய வேட்டை ரைபிள்களில் பாதிக்கு அதுவே தாய் என்றால் மிகையாகாது. 1935-இல் வந்த குட்டை வடிவமான கே98கே-யில் சின்னஞ்சிறு உறுப்புக்கும் எண் உண்டு. தொழிற்சாலையின் பெயருக்குப் பதில் ரகசியக் குறியீடு: ‘பிஒய்எஃப்’ என்றால் ஓபர்ன்டோர்ஃப், ‘பிஎன்இசட்’ என்றால் ஆஸ்திரியாவின் ஸ்டெயர், ‘டிஓடி’ என்றால் பிர்னோ. இவற்றையும் கழுகு முத்திரைகளையும் படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு வாழ்க்கைக் குறிப்பு. இங்கே எண் பொருந்துவதற்கு உண்மையான பொருள் உண்டு. உறுப்புகளை ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்தி, பிரியக்கூடாது என்றே எண் அடித்தார்கள். சரணடைந்தவர்களின் ரைபிளை ஒரு குவியலாகவும் போல்ட்டை இன்னொரு குவியலாகவும் எறிந்ததால், அசல் ஜோடி கிடைப்பதே அதிர்ஷ்டம்.

ஸ்வீடனும் இந்தக் குலம்தான். அவர்கள் அடிக்கட்டையில் ஒரு பித்தளை வில்லையைப் பதித்து, குழலின் உள்விட்டம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று குறித்துவைத்தார்கள். விற்பவர் சொல்ல வேண்டியதை ராணுவமே சொல்லிவிடுகிறது! சுவிட்சர்லாந்தின் கே31 வேறு முறை, நேராக இழுக்கும் போல்ட். அதன் அடித்தகட்டைக் கழற்றினால் உள்ளே ஒரு துண்டுச் சீட்டு கிடைப்பதுண்டு. அதை வைத்திருந்த சிப்பாயின் பெயர், ஊர், படைப்பிரிவு எல்லாம் அதில் இருக்கும்.

ரஷ்யப் பள்ளிக்கு வந்தால் ஜெர்மன் அளவுகோல் முறிந்துபோகிறது. 1891-இல் பிறந்த மோசின்-நாகான் கோடிக்கணக்கில் உற்பத்தியானது. போருக்குப் பின் சோவியத் கிடங்குகள் அவற்றைக் கழற்றி, தேய்ந்ததை மாற்றி, அரக்குப் பூச்சு பூசி, புது எண் அடித்து, கெட்டிக் கொழுப்பில் அமுக்கி வைத்தன. ஜெர்மனியரிடம் கைப்பற்றிய மௌசர்களுக்கும் இதே சடங்குதான். உறுப்புகள் கலந்தன, மின்னெழுத்தாணியால் ஒரே எண்ணைக் கீறி ‘பொருத்தினார்கள்’. தூய்மைவாதிகள் இவற்றை ஒதுக்குகிறார்கள்.

பின்லாந்தைப் பாருங்கள். மோசினின் ரிசீவரை, அதாவது குழலையும் போல்ட்டையும் தாங்கும் உடலை, அந்த நாடு ஒருபோதும் செய்ததில்லை. ஜாரின் ராணுவம் விட்டுப்போனது, பிற நாடுகளிடம் வாங்கியது, சோவியத்தோடு நடந்த குளிர்காலப் போரில் பிடுங்கியது என எல்லாவற்றையும் எடுத்து, தன் சொந்தக் குழலோ சுவிஸ் குழலோ பொருத்தி, சதுரத்துக்குள் தன் ராணுவத்தின் ‘எஸ்ஏ’ முத்திரையைக் குத்தியது. குறிபார்த்துச் சுடுவதில் பேர்பெற்ற பின்லாந்துச் சிப்பாய் சிமோ ஹெய்ஹெ கையில் இருந்ததும் இப்படி மறுபிறவி எடுத்த வகைதான். எண் பொருந்தவில்லை என்று இதைத் தள்ளுபவருக்குப் பின்லாந்தின் வரலாறே புரியவில்லை என்பேன். வாசகர்களில் தபால்தலை சேர்ப்பவர்கள் உண்டு. ஒரு நாட்டின் தபால்தலைமேல் இன்னொரு நாட்டின் பெயரை அச்சடித்திருந்தால், அதைக் கறைபட்டது என்று யாரும் குப்பையில் போடுவதில்லை. ராணுவம் செய்த மாற்றம் வரலாறு. வியாபாரி செய்த மாற்றம் வேறு. இந்தக் கோடு ஒன்றே எனக்குப் போதும்.

ஜப்பானிய அரிசாகா ரைபிளில் ராணுவம் செய்த ஒரு மாற்றமே விலையைத் தீர்மானிக்கிறது. ரிசீவரின் மேல் சக்கரவர்த்தியின் 16 இதழ்ச் சாமந்தி. சரணடைந்தபோது பெரும்பாலானவற்றில் அந்தப் பூவை அராவி அழித்துவிட்டார்கள். பூ இருந்தால் போர்க்களத்திலிருந்து வந்தது, அழிந்திருந்தால் சரணடைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் வகைக்கு விலை அதிகம். எனக்கு அழிந்த பூதான் சுவாரசியம்.

அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் எண்ணுக்கு வேறொரு வேலை: உயிரைக் காப்பது. மௌசரைத் தழுவிச் செய்து, காப்புரிமைக்கு 2 லட்சம் டாலர் கட்டிய ரைபிள் அது. முதல் உலகப் போரை ஒட்டிச் சில ரிசீவர்கள் கண்ணாடிபோல் உடைந்தன. காரணம் தேடியபோது, உலைக்காரர்கள் இரும்பின் நிறத்தைக் கண்ணால் பார்த்தே சூட்டைக் கணித்தது தெரியவந்தது. வெயில் நாளில் பழுத்த இரும்பு மங்கலாகத் தெரியும். அதனால் தேவைக்கு மேல் சூடேற்றிக் கெடுத்துவிட்டார்கள். ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதசாலையில் 8,00,000-க்குக் கீழ்ப்பட்ட எண், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ்ப்பட்ட எண் கொண்டவற்றைச் சுவரில் மாட்டலாம், சுடக்கூடாது. அமெரிக்க ராணுவ அதிகாரி ஜூலியன் ஹேட்ச்சர் இதை விரிவாக எழுதிவைத்திருக்கிறார்.

நமக்கு நெருக்கமானது லீ-என்ஃபீல்டு. ஸ்காட்லாந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ஜேம்ஸ் பாரிஸ் லீயின் போல்ட்டும் பத்துத் தோட்டாப் பெட்டியும். நம் போலீஸ்காரர் தோளில் தலைமுறைகளாகத் தொங்கிய ‘த்ரீ நாட் த்ரீ’ இதுதான். இங்கிலாந்து, ஆஸ்திரேலியாவின் லித்கோ, கனடாவின் லாங் பிராஞ்ச், வங்கத்தின் இஷாப்பூர் எனப் பல கிளைகள். இஷாப்பூர்க்காரர்கள் முன்கட்டையைக் குறுக்கே ஒரு திருகால் இறுக்கினார்கள், எறிகுண்டு வீசும் ரைபிளுக்குச் செம்புக் கம்பி சுற்றினார்கள், காவலர்களுக்காகச் சிலவற்றை .410 மஸ்கட்டாக மாற்றினார்கள். 1960-களில் 7.62 தோட்டாவுக்கு ஏற்ப 2ஏ1-ஐப் புதிதாகவே செய்தார்கள். மேலைநாட்டுப் பட்டியல்களில் இவை வெகுநாள் கடைசி வரிசையில், மலிவு விலையில் கிடந்தன. ‘கரடுமுரடு’ என்பது குற்றச்சாட்டு. ஒரு குடியேற்ற நாடு கற்றுக்கொண்டு, பிறகு தன் காலில் நின்று செய்த பொருள் என்று பார்க்கும் கண் அங்கே இல்லை.

வியாபாரி செய்த மாற்றத்துக்கு உதாரணம் ஏராளம். ஐம்பதுகளில் மலிவாக வாங்கி, மான் வேட்டைக்கென்று கட்டையை வெட்டி, குழலைக் குறுக்கியவை ஒரு பக்கம். அப்படிச் செய்தவர்களையாவது மன்னிக்கலாம், கறிக்காகச் செய்தார்கள். சாதாரண மௌசரில் எஸ்எஸ் முத்திரை குத்தி விற்பவரை மன்னிப்பதற்கில்லை. கைபர் கணவாய்ப் பட்டறைகளின் போலிக் கைவேலை தனிக் கலை. விக்டோரியா மகாராணி மறைந்தது 1901-இல். அவர் முடிமுத்திரையோடு அதற்குப் பல ஆண்டுகள் பிந்திய தேதி இருக்கும். என்ஃபீல்டு என்ற பெயரில் ஆங்கில எழுத்து திரும்பி நிற்கும். இவற்றையே தேடிச் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்குக்கு இடமே இல்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி .303 தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். அதனால்தான் அரசுத் தொழிற்சாலை தனியாருக்கு .315 செய்தது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் பெற்றவருக்கும் இரண்டு துப்பாக்கிதான். உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு தினத்தன்று த்ரீ நாட் த்ரீக்கு விடைகொடுத்தது. ஆகவே நம்மவருக்கு அருங்காட்சியகக் கண்ணாடிதான் கதி. போகிறவர்கள் போல்ட் கைப்பிடி இருக்கும் வலப்பக்கம் நின்று, கைப்பிடிக்குக் கீழே கட்டையைப் பிடிக்கும் இரும்புக் கழுத்தைப் படியுங்கள். கிரீடமும் ‘ஜிஆர்ஐ’யும் இருந்தால் பேரரசர் காலத்து இஷாப்பூர், சிங்கத் தூணும் ‘ஆர்எஃப்ஐ’யும் இருந்தால் குடியரசு காலம். ஆண்டும் மாடலும் அங்கேயே இருக்கும். போல்ட் எண் ஒத்துப்போகிறதா என்பதை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.