யாரை எண்ணுவது, யார் வனைவது

கனூபா ஹான்ஸ்கா லூகர் அமெரிக்காவின் வட டகோட்டாவில், ஸ்டாண்டிங் ராக் பழங்குடிக் காப்புநிலத்தில் பிறந்த கலைஞர். 2018இல் ‘எவ்ரி ஒன்’ என்ற படைப்புக்காகக் காணொளி வழியே ஊராரிடம் ஒரு வேலை கேட்டார். களிமண்ணை இரண்டு அங்குல உருண்டையாக உருட்டி, நடுவில் துளையிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். அமெரிக்காவிலும் கனடாவிலும் நூற்றுக்கணக்கானோர் கூடி உட்கார்ந்து உருட்டினார்கள். நாலாயிரத்துச் சொச்சம் மணிகள் சேர்ந்தன. அவற்றைச் சுட்டு, மையேற்றி, கறுப்பிலிருந்து வெளிர்சாம்பல் வரை நிறம் பிரித்துக் கயிறுகளில் கோத்துத் தொங்கவிட்டார். கிட்டே நின்று பார்த்தால் வெறும் மணிகள். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. சற்றுப் பின்னால் நகர்ந்தால் ஒரு பெண்ணின் முகம். காலி ஸ்பிட்சர் எடுத்த புகைப்படம் அது.

காணாமல்போன அல்லது கொல்லப்பட்ட பழங்குடிப் பெண்கள், சிறுமிகள், பால்புதுமையர், திருநர் ஆகியோரில் ஒருவருக்கு ஒரு மணி. கனடாவின் மத்தியக் காவல்துறை 2014இல் வெளியிட்ட அறிக்கை, 1,181 பெண்களைக் கணக்கில் கொண்டது. விடுபட்டவர்கள் ஏராளம் என்று பழங்குடி அமைப்புகள் சொல்லிவருகின்றன. அறிக்கையில் இலக்கமாகக் கிடந்தது இங்கே யாரோ ஒருவர் சில நிமிடம் உள்ளங்கையில் வைத்திருந்த மண்ணாகிறது. உருட்டியவர்களில் பலர் அந்த இழப்பை வீட்டுக்குள்ளேயே அறிந்த சமூகங்களைச் சேர்ந்தவர்கள்.

சமூகப் பிரச்சினையைப் பேசும் சுடுமண் சிற்பங்களில் பாதிக்கு மேல் எனக்கு அலுப்பூட்டுகின்றன. அழும் முகமும் இறுகிய முஷ்டியும் எந்த ஊடகத்திலும் செய்யக்கூடியவைதானே. மண் தேவைப்படும் இடம் வேறு. மலிவான பொருள், பயிற்சி இல்லாதவரும் கை வைக்கலாம், ஆயிரக்கணக்கில் செய்யலாம், சுட்டபின் பழைய சேற்றுக்குத் திரும்பாது. இதைப் பயன்படுத்திக்கொண்ட படைப்புகளிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும்: யாரை எண்ணுகிறீர்கள்? யார் கையால்?

சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைப் பரப்பினார். பீங்கானுக்குப் பேர்போன சீன நகரமான சிங்தெசெனில் 1,600 கைவினைஞர்கள் கூலிக்குச் செய்து, தூரிகையால் கோடு தீட்டியவை. மாவோ காலச் சுவரொட்டிகளில் மாவோ சூரியன், மக்கள் சூரியகாந்தி. விதைகளின்மேல் பார்வையாளர்கள் நடக்கலாம் என்றார்கள். பீங்கான் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்று சில நாட்களிலேயே தடுத்துவிட்டார்கள். திரளுக்குள் தனிமனிதன் தொலைவதைப் பேசிய படைப்பில், செய்த 1,600 பேரும் பெயரில்லாமலே நின்றார்கள். இது அதன் குறையா, அதன் பொருளா என்பதில் எனக்கு இன்னும் இரு மனம்.

மட்பாண்டக் கலைஞர் பால் கம்மின்ஸும் மேடை வடிவமைப்பாளர் டாம் பைப்பரும் 2014இல் லண்டன் கோபுரக் கோட்டையின் அகழியில் நட்ட 888,246 செந்நிறச் சுடுமண் பாப்பிப் பூக்கள் பற்றி அந்தத் தயக்கம் இல்லை. முதல் உலகப்போரில் இறந்த பிரித்தானிய, காலனியப் படைவீரருக்குத் தலைக்கு ஒரு பூ. அழகுதான், கூட்டமும் அலைமோதியது. ஆனால் ஜெர்மானியருக்கு ஒரு பூகூட இல்லை. போரின் துயரம் ஒரு தரப்பின் பெருமிதமாகச் சுருங்கியது என்று எழுந்த கண்டனம் நியாயமானது. பூ ஒவ்வொன்றும் 25 பவுண்டுக்கு விற்கப்பட்டது. ஒரு பங்கு அறக்கட்டளைகளுக்குப் போனது.

விற்காத ஒருவரும் இருக்கிறார். 1991 வளைகுடாப் போரில் அமெரிக்க மரைன் படையில் இருந்த ஏரன் டூல், கலிபோர்னியாவின் பெர்க்லியில் கோப்பைகள் வனைகிறார். பதக்கம், மண்டையோடு, குண்டு, சீருடைக்காரரின் படம் எல்லாம் அவற்றின் உடம்பில் அச்சாக அழுந்தியிருக்கும். ஆயிரக்கணக்கில் செய்து இலவசமாகக் கொடுத்துவிடுகிறார். கோப்பைகள் பெரும்பாலும் வீடுகளுக்குப் போய்விடுவதால், இவரைப் பற்றிய விமர்சனம் கண்காட்சிக் கூடத்தோடு நின்றுவிடுகிறது. கோப்பை கழுவும் தொட்டிக்குப் போகிறது, காப்பிக் கறை படிகிறது, போருக்குப் போய்வந்தவர் வீட்டு மேசையில் அதைப் பார்த்து யாராவது ஏதாவது கேட்கிறார்கள். இத்துறையை ஆராய்பவர்கள் அடுத்துப் போகவேண்டியது அந்த வீடுகளுக்குத்தான்.