புள்ளி வைத்த முலை

முகநூலில் பெண்கள் எழுதும் கவிதைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஒரு புதிய எழுத்திலக்கணம் பழகியிருக்கும். முலை என்ற சொல்லின் இரண்டு எழுத்துகளுக்கு நடுவே ஒரு புள்ளி. யோனிக்குள் ஒரு நட்சத்திரக்குறி. புணர்ச்சி என்று வரவேண்டிய இடத்தில் வெறும் மூன்று புள்ளிகள். கணக்கு முடங்கிவிடக் கூடாது என்பதற்காகச் செய்துகொள்ளும் ஏற்பாடு இது. கவிதைக்குள் நடப்பதால் இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது. கவிதையின் பிரச்சினையாகவே பேச வேண்டும்.

அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது. பதிப்பகத்தின் படியேறாமல், ஆசிரியர் குழுவின் சம்மதத்துக்குக் காத்திராமல், வீட்டு வேலை முடிந்த பின்னிரவில் எழுதி உடனே வெளியிட முடிந்த முதல் இடம் பல பெண்களுக்கு அதுதான். கவிதை, வாசகர்கள், விவாதங்கள், பத்தாண்டு நினைவு எல்லாமே ஒரே கடவுச்சொல்லுக்குப் பின்னால் இருக்கின்றன. அதை இழந்தவளிடம் 'வேறு கணக்கு தொடங்கிக்கொள்' என்று சொல்வது, வீடு எரிந்தவளிடம் வேறு வீடு கட்டிக்கொள் என்று சொல்வதைப் போல.

உலகமும் இதைப் பார்த்திருக்கிறது. 2015இல் கவிஞர் ரூபி கௌர், ஆடையிலும் படுக்கையிலும் மாதவிடாய்க் கறை தெரியப் படுத்திருக்கும் தன் படத்தை இன்ஸ்டாகிராமில் வெளியிட்டார். முழுதாக உடுத்தியிருந்த பெண்ணின் அந்தப் படம் இருமுறை நீக்கப்பட்டு, எதிர்ப்புக்குப் பிறகே திரும்ப வந்தது. 2020 அக்டோபரில் பிரேசிலில் ஒருவர், மார்பகப் புற்றுநோயின் அறிகுறிகளைக் காட்டும் படங்களைப் பகிர்ந்தார். தானியங்கி முறை அவற்றை நீக்கியது. அந்த நீக்கம் தவறு என்று முகநூல் நிறுவனத்தின் மேற்பார்வை வாரியம் 2021 ஜனவரியில் தீர்ப்பளித்தது. புற்றுநோய் விழிப்புணர்வுக்கான விலக்கு விதியிலேயே இருந்தது; கருவிக்குத்தான் அது தெரியவில்லை.

அந்த விதிகளை வாசித்தால் இன்னொன்றும் தெரியும். நிர்வாணம் பற்றிய பகுதி பெரிதும் படங்களைப் பற்றியது. தாய்ப்பால் ஊட்டுதல், அறுவைத் தழும்பு, ஓவியம், சிற்பம் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. பாலுறவை விரித்துச் சொல்லும் எழுத்துக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள். ஆனால் முலை என்ற தமிழ்ச் சொல்லைப் பெயர் சொல்லி விலக்கும் வரி எதையும் நான் பார்த்ததில்லை. கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாதபோது நாம் கோட்டுக்குப் பத்தடி முன்பே நின்றுவிடுகிறோம். அந்தப் பத்தடியை யாரும் நம்மிடமிருந்து பறிக்கவில்லை, நாமே விட்டுக்கொடுக்கிறோம். பெண்ணுக்கு இது புதிதும் அல்ல. 'யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்' என்று சொல்லி வளர்க்கப்பட்டவளுக்கு, பார்ப்பது யாரென்று தெரியாவிட்டாலும் முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்ளத் தெரியும்.

2002இல் குட்டி ரேவதியின் 'முலைகள்' வெளிவந்தபோது எழுந்த கூச்சலை நினைத்துப் பார்க்கிறேன். அன்று எதிர்த்தவர்களுக்குப் பெயர் இருந்தது, முகம் இருந்தது. அவர்கள் மோசமாகப் பேசினார்கள். பேசியதால் நாம் பதில் எழுதினோம். அந்தப் பதில்களிலிருந்து ஒரு பெண்ணிய விமர்சன மொழியே உருவானது. தொகுப்பின் தலைப்பு மட்டும் மாறவில்லை. இன்று மல்லுக்கு நிற்க ஆளில்லை. 'சமூக விதிகளை மீறியது' என்ற ஒற்றை வரியோடு விவாதம் செய்ய முடியாது.

புள்ளி வைக்க மனம் வராதவர்கள் சொல்லை மாற்றுகிறார்கள். மார்பு என்கிறார்கள், மார்பகம் என்கிறார்கள். சங்கக் கவிதையில் மார்பு பெரும்பாலும் தலைவனுடையது. மார்பகம் மருத்துவமனைச் சொல். கண்ணகி திருகி எறிந்தது மார்பகத்தை அல்ல. அந்தச் சொல்லை வைத்து மதுரையை எரிக்க முடியாது. தூமை என்ற சொல்லும் இப்படித்தான் மறைகிறது. தெற்கத்தி வசவில் அது இன்றும் புழங்குகிறது. சித்தர் சிவவாக்கியர் அதை வைத்தே ஆசாரத்தைக் கேள்வி கேட்டார். வசவிலிருந்து அதை மீட்டெடுக்க வேண்டிய பெண், 'அந்த மூன்று நாள்' என்று எழுதிவிட்டு நகர்கிறாள். வசவு அப்படியே மிஞ்சுகிறது.

சென்ற ஆண்டு என் மாணவி ஒருத்தி தன் முதல் தொகுப்பின் தட்டச்சுப் பிரதியைத் தந்தாள். புற்றுநோயால் ஒரு முலையை இழந்த அம்மாவைப் பற்றிய நல்ல கவிதை ஒன்று அதில் இருந்தது. முலை வரும் ஐந்து இடங்களிலும் நடுவே புள்ளி. காகிதத்தை யார் முடக்கப்போகிறார்கள் என்று கேட்டேன். "பழகிருச்சு மேடம், கை தானா வைக்குது" என்றாள். என்னைக் கவலைப்படுத்துவது இதுதான். கணக்கைக் காப்பாற்ற வைத்த புள்ளி, கணக்கே இல்லாத இடத்திலும் தொடர்கிறது. நம் இலக்கணத்தில் புள்ளி பெற்ற எழுத்துக்கு மெய் என்று பெயர். மெய் என்றால் உடல். உடலைக் குறிக்கும் அடையாளமே உடலை மறைக்கப் பயன்படுகிறது.

தளங்களுக்கு விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அனுமதியில்லாமல் பரப்பப்படும் அந்தரங்கப் படத்தை நீக்க நமக்குத்தான் முதலில் விதி தேவை. கணக்கைக் காத்துக்கொள்வதும் தவறில்லை. இருந்தால்தானே பேச முடியும். ஆனால் புள்ளி வைத்தது தளத்துக்கான பிரதி என்ற நினைவு வேண்டும். மூலப் பிரதி முழுச் சொற்களோடு நோட்டிலோ, கணினியிலோ, தோழியின் மின்னஞ்சலிலோ இருக்கட்டும். பதிவை நீக்கினால் மேல்முறையீடு செய்யுங்கள். நீக்கிய அறிவிப்பைப் படமெடுத்து வையுங்கள். நாளைக்கு எழுதப்படும் தணிக்கை வரலாற்றுக்கு அதுவே ஆவணம். தொகுப்பாக அச்சுக்குப் போகும்போது ஒவ்வொரு புள்ளியையும் தேடி எடுத்துவிடுங்கள்.

அந்த மாணவி எடுத்துவிட்டாள், ஐந்து இடங்களிலும். பிறகு அந்தக் கவிதையை வகுப்பில் வாசித்தாள். புள்ளியை வாய்விட்டு வாசிக்க முடியாது என்பதை அன்று எல்லோருமே கவனித்தோம்.