படிக்கும் நடைபாதைக்கும் இடையில்

பேருந்தில் ஏறும்போதோ இறங்கும்போதோ ஒருவர் அடிபட்டால், முதல் தகவல் அறிக்கையில் பழகிப்போன ஒரு வாசகம் வந்துவிடும்: ஓட்டுநர் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ ஓட்டினார். வேடிக்கை பார்த்தவர்களோ, ‘வண்டி நிற்கிறதுக்குள்ள என்ன அவசரம்?’ என்று பயணியைக் கேட்பார்கள். இந்த இரண்டு விளக்கங்களும் போதவில்லை என்பதே என் முடிவு.

பயணியைக் குறை சொல்பவர்கள் படியில் தொங்கும் மாணவரைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள். அந்த ஆபத்து உண்மை. 2012 டிசம்பரில் சென்னை பெருங்குடியில் படியில் பயணித்த நான்கு மாணவர்கள் லாரி உரசி இறந்தார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 123ஆம் பிரிவு படிக்கட்டுப் பயணத்தைத் தடை செய்கிறது. அதன் முதல் உட்பிரிவு பேசுவது ஓட்டுநரிடமும் வண்டிக்குப் பொறுப்பானவரிடமும். பயணி இரண்டாவதாகத்தான் வருகிறார். நாமோ இரண்டாவதை மட்டுமே நினைவில் வைத்திருக்கிறோம்.

தவிர, தொங்குவது வேறு, இறங்குவது வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10 நோய் வகைப்பாடு இதில் தெளிவாக இருக்கிறது. பேருந்துப் பயணிகளின் காயங்களுக்கு வி70 முதல் வி79 வரை எண்கள் தந்து, ஏறும்போதும் இறங்கும்போதும் ஏற்படுபவற்றுக்கு 4 என்ற தனி இலக்கத்தையும், வண்டிக்கு வெளியே தொற்றிக்கொண்டு சென்றவர்களுக்கு வேறு இலக்கங்களையும் ஒதுக்குகிறது. மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாக இறங்கும் ஒரு பாட்டியை, தொங்கிச் சென்ற இளைஞரோடு ஒரே கணக்கில் சேர்ப்பது நியாயமே இல்லை.

ஓட்டுநரின் பொறுப்பு பெரிது; ஆனால் அதற்கு வேகம் என்று பெயர் வைத்தால் உண்மை தப்பிவிடுகிறது. நின்ற வண்டி நகரத் தொடங்கும் அந்த ஓரிரு நொடியில் வேகம் ஏது? கூட்டத்துக்கு நடுவே டிக்கெட் கொடுத்துக்கொண்டிருக்கும் நடத்துநருக்குப் பின்படி தெரியாது. விசில் ஊதிவிடுகிறார். அதை நம்பி ஓட்டுநர் வண்டியை எடுக்கிறார். அடுத்த சிங்கிளுக்கு, அதாவது அடுத்த ஒருவழி நடைக்கு, நேரமாகிவிட்டது என்ற நெருக்கடி இருவருக்கும் இருக்கிறது. கதவு மூடினால்தான் வண்டி நகரும் என்ற பூட்டு இருந்தால், இந்த விபத்துகளில் பெரும்பகுதி நடக்கவே வழியில்லை. கதவு மூடுவதற்குள் நேரம் போகிறது என்பார்கள். போகட்டும், அதற்கேற்ப நேர அட்டவணையைத் திருத்தலாம்.

ஆனால் மோதல் என்று வரும்போது கதவும் காப்பாற்றாது. நம் பேருந்துகளின் வாசல் இடப்பக்கம். நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்கள் நிற்கும், அல்லது மழைநீர் தேங்கியிருக்கும். பேருந்து நடுச்சாலையிலேயே நின்றுவிடும். வண்டிக்கும் நடைபாதைக்கும் இடையில் விழும் அந்தச் சந்தில் இருசக்கர வாகனம் ஒன்று புகுந்து வரும். இறங்குபவரின் கண் படியில் இருக்கும். வருபவருக்கோ பேருந்தின் உடல் அவரை மறைத்துவிடும். இடப்பக்கம் முந்துவது பொதுவாகத் தடை என்றாலும், நிற்கும் பேருந்தைக் கடப்பதை இங்கே யாரும் முந்துவதாக நினைப்பதில்லை. ஜெர்மனியின் சாலை விதி, பயணிகள் ஏறி இறங்கும்போது அந்தப் பக்கமாகக் கடப்பவர் நடை வேகத்தில்தான் போக வேண்டும், தேவைப்பட்டால் நிற்க வேண்டும் என்று நேராகவே சொல்கிறது. அப்படியொரு தெளிவு நமக்கும் வேண்டும்.

அதைவிட முக்கியம் நிறுத்தத்தின் அமைப்பு. சாலையோரம் உள்வாங்கிய பேருந்து நிறுத்தங்கள் வரைபடத்தில் அழகானவை. உள்ளே போன வண்டிக்குத் திரும்பி வர யாரும் வழிவிடாததால் ஓட்டுநர்கள் அவற்றைத் தவிர்க்கிறார்கள். இதில் அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடைபாதையைச் சாலைப் பக்கம் நீட்டி, பேருந்து நிற்கும் இடம் வரை கொண்டுவருவதே மேல். சந்து அடைபட்டால் பைக் நுழையாது. குறுகிய சாலையில் பின்னால் வாகனங்கள் சற்றுக் காத்திருக்க நேரும். அந்த விலை தரத் தக்கதுதான்.

2024 ஆகஸ்டில் சென்னையில் தாழ்தளப் பேருந்துகள் மீண்டும் ஓடத் தொடங்கியது நல்ல முன்னேற்றம். ஆனால் நடைபாதையை ஒட்டி நிற்காத தாழ்தளப் பேருந்தின் சாய்தளம் தார்ச்சாலையில்தான் இறங்கும். சக்கர நாற்காலியில் இருப்பவர் அதே சந்தில்தான் வந்து நிற்பார். ஆகவே புதிய வண்டிக்கு ஒதுக்கும் பணத்தோடு, அது நிற்கப்போகும் ஒவ்வொரு நிறுத்தத்தையும் சீரமைக்கும் பணத்தையும் போக்குவரத்துக் கழகமும் மாநகராட்சியும் ஒரே திட்டத்தில் சேர்க்க வேண்டும்.